அறுபது படங்கள்

ரெய்னோ சால்மெலாவுக்குப் பேச்சு போனது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவே ஒரு மாதம் ஆயிற்று. அதற்காக ஊரைக் குறை சொல்ல முடியாது. வடக்கு மினசோட்டாவின் அந்தச் சுரங்க ஊரில் ஃபின்லாந்து வம்சத்து ஆண்கள் வாயைத் திறப்பதே சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். அவர்களிலும் ரெய்னோ ஒரு படி மேல். முப்பத்தொரு வருடம் கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியைத் தன்னந்தனியாக ஓட்டியவன். ரேடியோவைக்கூடப் போட மாட்டான். அவனுடைய கூட்டாளி ரூடி அப்படியே நேரெதிர். கவுண்டி கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன், ஸ்லோவேனிய வம்சம், ஓட்டை வாய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ரெய்னோவைப் பார்த்துவிட்டு, அவன் மனைவி மார்லிஸிடம் ரூடி சொன்னது இதுதான்:

"பேச்சு போயிடுச்சுங்கிறியே மார்லிஸ், எப்ப வந்துச்சு, இப்ப போறதுக்கு?"

மார்லிஸ் சிரித்தாள். சிரித்து முடித்து, அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கார் ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ரெய்னோ குறைவாகப் பேசுவான், ஆனால் பேசுவதெல்லாம் அவளிடம்தான். வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் நாலு வாக்கியம் சொல்வான். இன்றைக்கு யார் கார் பள்ளத்தில் இறங்கியது, யார் வீட்டுத் தபால் பெட்டியை லாரியின் பனித் தகட்டால் இடித்துத் தள்ளினான், காட்டு மான் எந்த வளைவில் நின்றது. அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடம் அவள் அந்த நாலு வாக்கியத்தில்தான் குடித்தனம் நடத்தினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "அது எங்க? அது... அந்த இது..." என்றான். ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. தேடியது வெண்ணெய். அது அவன் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. பெயர்தான் இல்லை.

கை, கால், கண், காது எல்லாம் சரியாக இருந்தன. சொன்னதெல்லாம் புரிந்தது. பெயர்கள் மட்டும் போய்விட்டன. படிக்கப் போனால் எழுத்து வழுக்கியது, எழுதப் போனால் கை நின்றது. "சின்ன அடைப்புதான்" என்றார் டாக்டர். அந்தச் 'சின்ன'வை மார்லிஸ் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கொடுமை என்னவென்றால் சிலது மட்டும் தண்ணீராக ஓடிற்று. கெட்ட வார்த்தை ஓடிற்று. பாட்டன் விட்டுப்போன ஃபின்னிஷ் வசவுகளை, கத்தி கையில் நழுவினால், அட்சரம் பிசகாமல் சொன்னான். சனிக்கிழமை ரூடியோடு கிரிபேஜ் சீட்டாட உட்கார்ந்தால், கையிலிருக்கும் சீட்டை எண்ணுகிற அந்த மந்திரமும் ஓடிற்று. "பதினஞ்சுக்கு ரெண்டு, பதினஞ்சுக்கு நாலு, ஜோடிக்கு ஆறு" என்று மடமடவென்று எண்ணி மேசையில் போடுவான். ரூடி தொடையைத் தட்டிக்கொண்டு, "கேட்டியா மார்லிஸ்? இவனுக்கு ஒரு கேடும் இல்ல. உங்கிட்டேர்ந்து தப்பிக்க நடிக்கிறான்" என்பான். அதன்பின் ரெய்னோ காப்பி கேட்க வாயைத் திறப்பான். ஒன்றும் வராது. கோப்பையைத் தூக்கிக் காட்டுவான்.

பழக்கத்தில் வருகிற பேச்சு வேறு, தேடி எடுக்கிற பேச்சு வேறு என்று விளக்கிச் சொன்னவள் பெத்தனி. ஊர் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளுடைய அறை மாடியின் கடைசியில், பழைய எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் இருந்தது. வாரம் இரண்டு நாள் ரெய்னோ அங்கே போனான். மார்லிஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

முதல் நாளே ஒரு தேர்வு வைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒட்டிய ஒரு புத்தகம். அறுபது படம். பக்கத்துக்கு ஒன்றாகக் காட்டுவார்கள், பெயர் சொல்ல வேண்டும். நாற்காலி, சாவி என்று சுலபமாகத் தொடங்கி, போகப் போகக் கடினமாகும். ரெய்னோ பத்தொன்பது சொன்னான்.

பெத்தனியின் வழி மிகவும் மெதுவான வழி. "பேர் வரலையா? விடுங்க. அதைத் துரத்தாதீங்க, சுத்தி வாங்க" என்பாள். "அது எங்க இருக்கும்? எதுக்கு ஆகும்? யார் கையில பாத்திருக்கீங்க?" அவன் ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறிச் சொல்வான். சுற்றி வந்து வந்து, சில சமயம் பெயர் தானாக வந்து விழும். பெரும்பாலும் விழாது. வீட்டிலும் அப்படியே செய்யச் சொன்னாள். "நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது மார்லிஸ். எவ்வளவு நேரமானாலும் சரி. காத்திருங்க."

மார்லிஸால் ஐந்து விநாடிக்கு மேல் காத்திருக்க முடியாது. முந்நூறு தட்டு நிரப்பிப் பழகிய கை. அவன் "அந்த..." என்று இழுத்தால் உப்பு, மிளகு, துடைக்கிற துணி எல்லாவற்றையும் அவன் முன்னால் அடுக்கிவிடுவாள்.

ஆனாலும் அந்த மெதுவான வழியில் ஒரு நாள் ஏதோ நடந்தது. பயிற்சிக்குப் போன இருபத்திரண்டாவது தடவை. கதவு சரியாகச் சாத்தவில்லை. பெத்தனி அவன் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சிலிருந்து மார்லிஸுக்கு எல்லாம் கேட்டது.

"மேல," என்றான் ரெய்னோ. "லாரி மேல. மஞ்சள். சுத்தும்."

"எதுக்கு அது?"

"தூரத்துல... தெரியும். பயப்... ஒதுங்க." பெத்தனி எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாள். பிறகு அவன் குரல், பழைய குரல், நிதானமாகச் சொன்னது: "விளக்கு. விளக்கப் போட்டா எல்லாரும் ஒதுங்கிடுவாங்க."

ஒரு முழு வாக்கியம். ஃபிரிட்ஜ் முன்னால் நின்ற நாளுக்குப் பிறகு முதல் வாக்கியம். மார்லிஸ் கைப்பையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதே வேகத்தில் போனால் இன்னும் ஒரு வருடத்தில் சாப்பாட்டு மேசையில் நாலு வாக்கியம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு தவறில்லை. இன்னொரு வருடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிடைக்குமா என்பதுதான் கேள்வி. இன்சூரன்ஸ் முப்பது தடவைக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தது. அதற்குமேல் வேண்டுமென்றால் அதே அறுபது படத் தேர்வை மறுபடி வைத்து, முன்னேற்றம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மனிதன் ஒரு வாக்கியம் சொன்னான் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்னேற்றம் அல்ல. அந்தப் படிவத்தில் வாக்கியத்துக்குக் கட்டமே கிடையாது.

"பத்தொன்பதுலேர்ந்து இருபத்தாறு, இருபத்தேழுன்னு வந்தாக்கூடப் போதும்," என்றாள் பெத்தனி. "மேல எழுதி அனுப்பிடுவேன்."

"வரலைன்னா?"

பெத்தனி மேசையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். ஐம்பதுக்கு மேல் வந்தால் என்ன ஆகும் என்று பெத்தனி சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய நோயாளி அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அடுத்த வாரம் பெத்தனியைக் கீழே யாரோ கூப்பிட்டார்கள். ரெய்னோ கழிவறைக்குப் போயிருந்தான். புத்தகம் மேசைமேல் இருந்தது. மார்லிஸ் உள்ளே போனாள், போனை எடுத்தாள், அறுபது பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் படம் பிடித்தாள். பிள்ளைகளுக்கு இரண்டாம் தட்டு போடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோதும் கேட்காமல் போட்ட கை அது.

படங்களை நூலகத்தில் அச்செடுத்து, சமையல் குறிப்பு எழுதி வைக்கிற அட்டைகளில் ஒட்டினாள். அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கும், தாய் கொடுத்தது, மாமியார் கொடுத்தது, சர்ச்சில் வாங்கியது என்று அட்டைகள் அடுக்கி. மார்லிஸ் தன் பெட்டியில் 'கேக்' என்ற தடுப்புக்குப் பின்னால் நங்கூரத்தையும் காற்றாலையையும் முதலையையும் வைத்தாள்.

முதலில் ரெய்னோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் புத்தகத்துப் படங்கள் என்று அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கு. திருட்டு என்று புரிந்தும் விட்டது.

"பாக்காத அப்படி," என்றாள் மார்லிஸ். "யார் குடியக் கெடுத்தேன்? நாலு படம். இது என்ன? சொல்லு. நங்கூரம். சொல்லு, நங்கூரம்."

சுற்றி வருவதெல்லாம் கிடையாது. படத்தைக் காட்டுவாள், பெயரைச் சொல்வாள், அவன் சொல்ல வேண்டும். காலையில் இருபது, மதியம் இருபது, சாப்பாட்டுக்கு முன் இருபது. பெத்தனி கொடுத்த வீட்டுப் பாடம் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. மூன்று வாரம். முதல் வாரம் அவன் மேசையைக் குத்தினான், பாட்டனின் வசவுகளைச் சொன்னான். இரண்டாவது வாரம் ஏதோ பிடிபட்டது. சீட்டு எண்ணுவதுபோல அதுவும் ஒரு மந்திரமாகிவிட்டது. அட்டை விழுந்ததும் வாய் திறந்தது. நங்கூரம். கலங்கரை விளக்கம். மயில். பீரங்கி. பாராசூட். அவன் கண்ணில் வெளிச்சம் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் தானே போய்ப் பெட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் வைக்க ஆரம்பித்தான்.

இருபத்தாறோடு நிறுத்தியிருக்கலாம். அந்த யோசனை அவளுக்கு வந்ததுதான். ஆனால் தேர்வன்று பதற்றத்தில் பாதி மறந்துவிட்டால்? சமையலறையில் முந்நூறு பேருக்கு என்றால் முந்நூற்று நாற்பது பேருக்குச் செய்வாள் அவள். வரிசையில் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. குறையக் கூடாது. வாழ்க்கையில் அவளுக்குத் தெரிந்த ஒரே தத்துவம் அது. அறுபதையும் கற்றுக்கொடுத்தாள்.

ரெய்னோ ஐம்பத்தேழு சொன்னான்.

பெத்தனி முதலில் துள்ளிக் குதித்தாள். கதவைத் திறந்து மார்லிஸைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அறைக்குள் திரும்பி, சுவரில் தொங்கிய தன் கோட்டைக் காட்டி, "இது என்ன ரெய்னோ?" என்று கேட்டாள். அவன் பார்த்தான். "அது... போட்டுக்கிற... அது" என்றான். பெத்தனியின் முகம் மாறியது. ஆனால் தேர்வு தேர்வுதான். எண்ணை எழுதி அனுப்ப வேண்டியது அவள் வேலை, அனுப்பினாள்.

பத்தாம் நாள் இன்சூரன்ஸிலிருந்து கடிதம் வந்தது. நோயாளியின் சொல்வளம் அவர் வயதுக்குரிய இயல்பான அளவில் இருக்கிறது. சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது. மேலும் பயிற்சி தேவையில்லை. கடைசியில் ஒரு வாழ்த்து வேறு.

மார்லிஸ் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிக்கு ஓடினாள். பெத்தனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். போனில் இருந்த படங்களைக் காட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். பெத்தனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல நீங்க? அவருக்கு வந்துக்கிட்டிருந்துச்சு மார்லிஸ். நெஜமாவே வந்துக்கிட்டிருந்துச்சு."

"இன்னொரு தடவ வையேன். வேற புஸ்தகத்துல வையேன்."

"அவங்க இந்த ஒரு புஸ்தகத்தத்தான் ஏத்துக்கிறாங்க. மனு போடலாம். மூணு மாசம் கழிச்சு அவங்க ஆளே வந்து இதே தேர்வ வைப்பாங்க. அதோட சரி. அதுக்கு மேல மனு கெடையாது." கொஞ்சம் யோசித்தாள். "திருட்டுத்தனம் பண்ணோம்னு எழுதினா ஃபைல மூடிடுவாங்க. அட்டைய எல்லாம் எரிச்சிடுங்க. கண்ணுல காட்டாதீங்க. மறந்துட்டார்னா நல்லது."

அந்த ஊரில் ஃபின்லாந்து வீடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் சானா என்கிற நீராவிக் குளியல் அறை ஒன்று உண்டு. அதன் அடுப்பில் மார்லிஸ் அறுபது அட்டையையும் போட்டாள். ரெய்னோ தேடினான். சமையல் குறிப்புப் பெட்டியை எடுத்து வந்து, 'கேக்' பக்கத்தைத் திறந்து காட்டி, எங்கே என்று கையால் கேட்டான்.

"போச்சு," என்றாள். "அது நமக்கு வேணாம் இனிமே."

மூன்று மாதத்தில் அவன் மறந்தான். வேண்டாததை அல்ல. பெத்தனியிடம் சுற்றிச் சுற்றி வந்து பிடித்திருந்த சின்னச் சின்னச் சொற்கள்தான் ஒவ்வொன்றாக நழுவின. விளக்கு போயிற்று. ரொட்டி போயிற்று. அறுபது மட்டும் அப்படியே நின்றது. வாயைத் திறந்தால் அதில் ஒன்றுதான் வந்து விழுந்தது. குளிருக்குக் கோட்டைக் கேட்டால் "பாராசூட்" என்றான். தவறு என்று அவனுக்கே தெரியும். தலையை ஆட்டுவான், மறுபடி முயல்வான், மறுபடி "பாராசூட்". மார்லிஸ் பெத்தனியின் வழியில் வீட்டிலேயே முயன்று பார்த்தாள். இப்போது அவளால் காத்திருக்க முடிந்தது, பத்து நிமிஷம்கூடக் காத்திருந்தாள். ஆனால் எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் சுற்றி வந்து முதலையிடம் போய் நின்றான்.

ஒரு சனிக்கிழமை சீட்டாட்டத்தின் நடுவில் ரெய்னோ ரூடியின் கையைப் பிடித்தான். ஏதோ முக்கியமாகச் சொல்ல வேண்டும்போல.

"நங்கூரம்," என்றான். "ரூ... மயில். இல்ல. மயில்."

ரூடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மயிலா? எந்த மயிலுடா? மார்லிஸ், உம் புருஷன் மயில் வளக்கப் போறானாம்!" ரெய்னோ கையை விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ரூடியின் சிரிப்பு நின்றது. ஆட்டத்தை முடிக்காமலே, "வீட்ல வேல கெடக்கு" என்று எழுந்து போனான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மார்லிஸ் அவன்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். முடியவில்லை. தனக்கே சில நாள் வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடச் சமையலறையிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது அவளுக்குத் தெரியும்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை அவன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெய்னோ, நல்லாக் கேளு. நாளைக்கு நீ சொல்லக் கூடாது. படத்தக் காட்டுவாங்க. ஒரு பத்து, பதினஞ்சு சொல்லு. மத்ததுக்கெல்லாம் தலைய ஆட்டிடு. தெரியலன்னு ஆட்டு. அப்பத்தான் பெத்தனிகிட்டப் போக முடியும். புரியுதா? தப்பு பண்ணது நான். நீ ஒரு நாள் தோத்துக் குடு எனக்காக."

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். சரி என்று தலையை அசைத்தான். அவனுக்கு நன்றாகப் புரிந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இன்சூரன்ஸிலிருந்து வந்தது ஒரு நடுவயதுப் பெண், டுலூத் நகரத்துக்காரி. நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தாள். பெத்தனி உள்ளே இருக்க அனுமதி இல்லை. மார்லிஸ் பின்னால் சுவரோரம் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. அந்தப் பெண் புத்தகத்தைத் திறந்தாள்.

நாற்காலி. ரெய்னோ உதட்டை இறுக்கிக்கொண்டான். தலையை ஆட்டினான். அவள் எழுதிக்கொண்டாள். சாவி. தலையை ஆட்டினான். பின்னாலிருந்து பார்த்த மார்லிஸுக்கே அவன் கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. காத்தாடி. தலையை ஆட்டினான். நண்டு. ஆட்டினான். மார்லிஸ் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். நடந்துவிடும்போல இருந்தது.

"அவசரமே இல்ல," என்றாள் அந்தப் பெண் அன்பாக. "உங்களுக்கு வேணுங்கிற நேரம் எடுத்துக்குங்க. நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

மூன்று மாதமாக அவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அவள் பேனாவைப் பிடித்தபடி, முன்னால் சாய்ந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரண்டது. நங்கூரம்.

ரெய்னோவின் தோள் ஒருமுறை குலுங்கியது.

"நங்கூரம்," என்றான்.

குரல் தெளிவாக, கணீரென்று இருந்தது. அடுத்தது கலங்கரை விளக்கம். சொன்னான். அடுத்தது மயில். மயிலுக்கு மயில் என்றான், அது சரியாக இருந்தது. பீரங்கி, லாடம், காற்றாலை, கிரீடம். அவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். வேண்டுமென்றே செய்கிறான் என்று மார்லிஸுக்கு முதலில் எரிச்சல் பொங்கியது. பிறகுதான் புரிந்தது. உலகத்தில் எங்கே போய் வாயைத் திறந்தாலும் சிரிப்பார்கள் அல்லது எழுந்து போவார்கள். இந்த ஒரு புத்தகத்துக்கு முன்னால்தான் அவன் கேட்ட சொல் கேட்டதும் வருகிறது. அதை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கு என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அறுபதாவது படம் முடிந்தது. அந்தப் பெண் புத்தகத்தை மூடப் போனாள். ரெய்னோ கையை நீட்டித் தடுத்தான். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்துக்குப் புரட்டினான். நாற்காலிமேல் விரலை வைத்தான்.

"நாற்காலி," என்றான். புரட்டினான். "சாவி." புரட்டினான். "காத்தாடி. நண்டு."

"அடேயப்பா," என்றாள் அந்தப் பெண். "திருத்திச் சொன்னா அதையும் சேத்துக்கலாம்." அடித்துவிட்டு எழுதினாள். "அறுபதுக்கு அறுபது. நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

ரெய்னோ நாற்காலியில் திரும்பி மார்லிஸைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கிற முகமும் அதுதான், பாராட்டுக்குக் காத்திருக்கிற முகமும் அதுதான். இனி மனு கிடையாது, பெத்தனி கிடையாது, சாப்பாட்டு மேசையில் ஒன்றும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இருந்தும் அவன் காத்திருந்தான்.

"நல்லாச் சொன்ன," என்றாள் மார்லிஸ். "எல்லாமே நல்லாச் சொன்ன."